ராகிக் குழிக்குள் போன கோழிகள்

கால்நடை வைத்தியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், கோழிக்கு இறகு உதிர்வதைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். காலமெல்லாம் மாட்டின் பின்னால் அலைந்தவனிடம் கோழி இறகைக் கேட்கிறார்களே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேனாவைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது. கோமாரியில் கொத்துக் கொத்தாக மாடுகள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்குச் சோறு இறங்காமல் செய்தது ஒரு நாட்டுக்கோழியின் வெறும் முதுகு.

பாடத்தில் இருப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கோழி தானாகவே இறகு உதிர்க்கும். பேனும் உண்ணியும் உதிர வைக்கும். சேவல் ஏறி ஏறி முதுகு தேயும். அடைக்கு உட்காரும் கோழி தன் வயிற்றுத் தூவியைத் தானே பிடுங்கிக்கொள்ளும். தீனியோ இடமோ போதாவிட்டால் ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கும். அவ்வளவுதான், ஒரு காலைப்பொழுதில் படித்துவிடலாம். இந்தக் காரணங்களில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம் என்று உங்களைப் போலவே நானும் நம்பிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

வந்த புதிதில் ஏரியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அடைமழைக் காலம். வழக்கமான இறகு உதிர்ப்பு. “ஒன்றும் செய்ய வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள், தானே முளைக்கும்” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க, மருந்து குடுக்காத ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க கதவு?” என்று கேட்டுவிட்டுப் போனார். போன கையோடு சேவலுக்கு மண்ணெண்ணெய் பூசினாராம். தோல் வெந்து அது செத்துப்போனது. அன்றிலிருந்து தேவை இருக்கிறதோ இல்லையோ, வருகிறவர் கையில் ஒரு பொட்டலமாவது கொடுத்துத்தான் அனுப்புவேன். வைத்தியனை எதையாவது செய்யச் சொல்லி ஊர் நெருக்கும். செய்யாமல் இருப்பதற்கு நமக்கும் தைரியம் வராது. மாதம்மாள் விஷயத்தில் இதுதான் நடந்தது.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. தர்மபுரி அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. காரிமங்கலம் சந்தை கூடும் நாளில் புளியமரத்தடியில் மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்து உட்காருவேன். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, சர்க்கார் சைக்கிள். மாடு கன்றெல்லாம் பார்த்து முடித்து நான் பெட்டியை மூடும் நேரத்துக்கு ஒரு பெண் வந்து, துணி போர்த்திய கூடையைக் கீழே வைத்தாள். துணியை எடுத்தால் உள்ளே ஒரு பழுப்புக் கோழி. கழுத்தில் இறகு இல்லை, முதுகில் இல்லை, வாலடியில் சிவப்புச் சிவப்பாகப் புண்.

“என்னம்மா, பாதி உரிச்சுட்டுக் கொண்டாந்திருக்கே? மீதியையும் உரிச்சிருந்தா கொழம்பு வெச்சிருக்கலாமே” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “நான் உரிக்கலீங்க சாமி. அதுங்களாவே இப்பிடி ஆயிட்டுதுங்க. வூட்டுல இருக்கறது அத்தினியும் இப்பிடித்தானுங்க.”

அவள்தான் மாதம்மாள். காரிமங்கலத்துக்கு அப்பால் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் வேண்டாம். புருஷன் இல்லை. கொஞ்சம் மானாவாரி நிலம், சில கோழிகள், கட்டிக்கொடுத்த ஒரே மகள் பாப்பாத்தி. அந்த மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. கோழிக்கு மருந்து கேட்டு வந்ததே மகளுக்காகத்தான் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

“மொதப் பேறுல புள்ள தங்கலீங்க” என்றாள். “பெத்தவளுக்குச் சாறு வெச்சுக் குடுத்த கோழிக்கு அப்ப ரெக்கை கொட்டியிருந்துது. அதான் தாயிக்குப் பால் வத்திப்போச்சு, புள்ள போயிருச்சுன்னு சம்மந்தி வூட்ல சொல்லிப்புட்டாங்க. இந்த வாட்டி மாமியாக்காரியே வந்து கோழியப் பாத்துட்டுத்தான் அறுக்க வுடுவாளாமுங்க.”

சந்தையிலேயே நல்ல கோழியாக ஒன்று வாங்கிக்கொண்டு போயேன் என்றேன். இப்படி ஒரு மடையனா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள். “பெத்தவளுக்குச் சந்தைக் கோழி குடுப்பாங்களா சாமி? எந்தூட்டுச் சீக்கோ, யாரு கண்டா? நம்ம வாசல்ல மேஞ்ச கோழியா இருக்கணுமுங்க.”

இறகு உதிர்ந்த கோழியின் சாற்றைக் குடிப்பதால் பால் வற்றிவிடாது என்று நான் படித்த படிப்பையெல்லாம் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். “நீங்க சொன்னாச் சரியா இருக்குமுங்க. ஆனா அவ மாமியாளுக்கு யாருங்க சொல்றது?” என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாசியில் மகளுக்குப் பேறு. கார்த்திகை அப்போதுதான் பிறந்திருந்தது. சரியாக வைத்தியம் செய்தால் அதற்குள் இறகு முளைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கோழியைப் புரட்டிப் பார்த்தேன். பேன் கொஞ்சம் இருந்தது, ஆனால் இவ்வளவு சேதம் செய்யும் அளவுக்கு இல்லை. புண்ணெல்லாம் அலகு பட்ட தடம். “அடைச்சு வெக்கிறியாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. பொழுதுக்கும் வெளியதானுங்க மேயுது.”

சொல்லும்போது அவள் கண் என் முகத்தில் இல்லை, தொப்பியில் இருந்தது. பிற்பாடு எத்தனையோ தடவை அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கவனித்தேனே தவிர அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. பொய் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பேனுக்குப் புகையிலைத் தண்ணீர், புண்ணுக்கு ஊதா மருந்து. சிவப்பைக் கண்டால் கோழிக்குக் கொத்தும் வெறி வரும், ஊதா நிறம் அதை மறைத்துவிடும். புரள்வதற்குச் சாம்பல் கலந்த மண். இதெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் நானே அந்த ஊருக்குப் போனேன். வாராவாரம் போனேன். என் சரகம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை மாடுகளை விட்டுவிட்டு ஓர் ஏழைப் பெண்ணின் கோழிக்காக ஏரிக்கரை மேட்டில் சைக்கிள் மிதித்துப் போகிறோமே என்று எனக்கே என் மேல் ஒரு பெருமை. கரை ஏறும்போது ஆடு மாடு விலகட்டும் என்று மணியை அடித்துக்கொண்டே போவேன்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். சர்க்கார் ஆள் யார் ஊருக்குள் வந்தாலும் முதலில் மணியக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் தன் காவலாள் தலையாரியை நம்மோடு அனுப்புவார். தெருவில் நமக்கு முன்னால் தலையாரி, பின்னால் நாம். மாதம்மாள் வீட்டுக்கும் அப்படித்தான் போவேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, பழைய பழுப்புக் கோழியை மட்டும் எடுத்துக் காட்டுவாள். மற்றவை எங்கே என்றால், “காட்டுப் பக்கம் மேயப் போயிருக்குதுங்க” என்பாள். பேன் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் வாரத்துக்கு வாரம் இறகு குறைந்துகொண்டே வந்தது. புண் ஆறுவதற்குள் அதன் மேலேயே புதுப் புண். நான் மருந்தை மாற்றினேன். இன்னும் அடிக்கடி வருகிறேன் என்றேன். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, மகளை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஏரிக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே கருவேல முள் குத்தி டயர் போய்விட்டது. சைக்கிளை ஒரு கொல்லையில் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, அறுவடையான சோளக்கொல்லை வழியாகக் குறுக்கே நடந்தேன். மாதம்மாள் வீட்டின் பின்புறம் வந்து நின்றேன். பின்வாசல் நிறையக் கோழிகள். அத்தனைக்கும் முதுகு வெறுமை. என் தலையைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ குரல் கொடுத்தாள். மாதம்மாள் பதறி ஓடிவந்தாள். “பா, பா, பா” என்று அழைத்து, கையில் கிடைத்த கோழியை எல்லாம் பிடித்துத் தரையில் இருந்த ஒரு துவாரத்துக்குள் போட்டாள். கடைசிக் கோழியைப் போட்டுவிட்டுப் பலகைக்கல்லைத் தள்ளி மூடப்போனவள், நான் தனியாக நிற்பதை அப்போதுதான் பார்த்தாள்.

அது பழைய ராகிக் குழி. ராகி விளைந்தால் குழியில் கொட்டி மண் போட்டு மூடிவைப்பார்கள். யுத்த காலத்தில் கொட்டிவைக்க எவர் வீட்டில் ராகி இருந்தது? பாதி தூர்ந்து, இடுப்பளவு ஆழத்தில் வெறுங்குழியாகக் கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். இருட்டு. நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கோழிகள் ஒன்றின் முதுகை ஒன்று கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கேட்காமலே அவள் சொன்னாள். “ஆபீசருங்க வந்து கூடாரம் போட்டா தலையாரி வூடு வூடா வந்து கோழி புடிச்சுக்கிட்டுப் போயிருவானுங்க. காக்கி வர்ற சத்தம் கேட்டா ஊரே கோழிய உள்ள தள்ளிரும். மின்ன எல்லாம் எப்பயோ ஒருக்கா வருவாங்க. இப்ப தானியம் அளக்க வர்றாங்க, ஊசி போட வர்றாங்க, பட்டாளத்துக்கு ஆளு எடுக்க வர்றாங்க. அப்பறம்...” என்று நிறுத்தினாள்.

“அப்பறம் நான் வர்றேன்” என்றேன்.

“ஆமாங்க சாமி. உங்க மணிச் சத்தம் கேட்டா அன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் குழியிலதானுங்க.”

இதை என்னுடைய தவறு என்று சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். அதனால்தான் எனக்கு ஆத்திரம். சோம்பேறியாக இருந்து, போகாமல் விட்டிருந்தால் அந்தக் கோழிகளுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் கிடைத்திருக்கும். நோய்க்குக் காரணம் தேடிப் பேனையும் உண்ணியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காரணம் நான் மாட்டியிருந்த சட்டை.

வைத்தியம் இப்போது சுலபம். வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சமும் இடமும் கிடைத்தால் கொத்துவது நிற்கும். ஆனால் வெளியே விட்டால் தலையாரி வருவான். கடைசியில், “வெளிய வுடும்மா. இந்தக் கோலத்துல இருக்கற கோழிய எந்த ஆபீசர் இலையில வெப்பாங்க? தலையாரி தொட மாட்டான்” என்றேன்.

மாதம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “இப்பத் தொட மாட்டானுங்க. ரெக்கை மொளைச்சா?”

அந்தக் கேள்விக்கு நான் அங்கேயே நின்று பதில் தேடியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, “மணியக்காரர்கிட்ட நான் சொல்லிவெக்கிறேன்” என்றேன். அன்றே போய்ச் சொன்னேன். மணியக்காரர் கெட்டவர் இல்லை. மோர் கொடுத்தார். “நீங்க வைத்தியம் பாக்கற கோழின்னா அது உங்க கோழி மாதிரிங்க. அதப் போயித் தொடுவமா?” என்றார். ஊர்ப் பெரியவர் சொன்ன வார்த்தையை நான் பத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் இன்றைக்கும் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கின்றன. மறைக்க மாட்டேன். ஊருக்குள் மணி அடிக்காமல், தொப்பி இல்லாமல், நடந்தே போனேன். இறகு முளைக்கத் தெம்பு வேண்டும். தீனி போட வீட்டில் ஒன்றும் இல்லை. மனுஷருக்கே தவிடு சலிக்காமல் களி கிண்டிய வருஷம். அதனால் கரையான் பிடிக்கச் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்த வேலைதான். சட்டியில் சாணியும் காய்ந்த சோளத்தட்டும் திணித்துப் புற்றருகே கவிழ்த்துவைப்பாள், விடிந்ததும் சட்டியோடு தூக்கிவந்து வாசலில் தட்டுவாள். கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பொறுக்கும். முதுகில் முள் முள்ளாகக் குருத்து வந்தது. குருத்து விரிந்து தூவியானது. பழுப்புக் கோழிக்குப் புண் ஆழமாக இருந்த இடத்தில் மட்டும் இறகு வெள்ளையாக முளைத்தது. அப்படி ஆவது உண்டு. “நரைச்சுட்டாளுங்க, என்னாட்டமே” என்று சொல்லி மாதம்மாள் அன்றைக்குச் சிரித்தாள். நான் பார்த்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில் பாப்பாத்தியைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, கோழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதிகம் பேசாத பெண்.

அதே மாதக் கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் ஏரிக்குக் கீழே மாந்தோப்பில் முகாம் போட்டார். அவர் குதிரை நொண்டுகிறது, உடனே வா என்று எனக்கு ஆள் வந்தது. போய்க் குளம்பைப் பார்த்து, ஆணியை எடுத்து, கட்டுப் போட்டேன். கை கழுவச் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் போனேன். அங்கே கல்லடுப்புக்குப் பக்கத்தில் இறகு குவிந்து கிடந்தது. பழுப்பு இறகு. அதில் அங்கங்கே வெள்ளை.

குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். புத்தம் புது இறகு, அடியில் இன்னும் ஈரம் காயவில்லை. இதற்காக எத்தனை முறை ஏரிக்கரையில் நடந்திருப்பேன் என்று கணக்குப் பார்த்தேன்.

மணியக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். “என்னைத் தப்பா நெனைக்காதீங்க. கோழி இல்லீன்னு எத்தினி நாளைக்குங்க சொல்றது? மத்தவங்க வூட்டுக் கோழி எல்லாம் குழியில கெடக்குது. எனக்கும் தெரியும், தலையாரிக்கும் தெரியும். குழிக்குள்ள எறங்கியா புடிக்கறது, நாங்களும் இந்த ஊருல பொழைக்கணுமில்லீங்க? வெளிய மினுமினுன்னு மேஞ்சுக்கிட்டு இருந்தது அவ வூட்டுக் கோழி மட்டுந்தானுங்க.”

குதிரைக்கு நான் கட்டிய கட்டை அதிகாரி மெச்சிக்கொண்டார் என்று சொல்லியனுப்பினார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார்கள். வயிறு சரியில்லை என்று கிளம்பினேன்.

மாதம்மாள் வீட்டுக்குப் போகாமல் ஓடிவிடலாமா என்று தோன்றியது. போனேன். வீட்டுக்குப் பின்புறம் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தப்பித்தது ஒரே ஒரு கோழி, கரையான் புற்றுப் பக்கம் மேயப் போயிருந்த, இன்னும் முட்டையிடாத விடைக்கோழி. அதை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகிலிருந்து இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கோழி உயிர் போகிற மாதிரிக் கத்தியது. வாசற்படியில் பாப்பாத்தி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா பண்றே?” என்றேன்.

“முகாம் இன்னும் போவலீங்களே” என்றாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கோழி திமிறத் திமிற அவள் கையில் இறகுகள் பாதியில் ஒடிந்துகொண்டிருந்தன. தண்டு தோலுக்குள்ளேயே நின்றது. ஒடிந்த இறகு அடுத்த உதிர்ப்பு வரைக்கும் முளைக்காது, வேரோடு வந்தால்தான் அந்த இடத்தில் உடனே புதிதாகக் குருத்து கட்டும். இது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் எதிரில் உட்கார்ந்தேன். கோழியின் காலையும் இறக்கையையும் என் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒடிக்காதேம்மா. ஒவ்வொண்ணா அடியில புடிச்சு, வளர்ற பக்கமா இழு. வேரோட வரும். அப்பத்தான் திரும்ப மொளைக்கும்.”

சொன்னபடியே இழுத்தாள். சுத்தமாக வந்தது. அதைக் கையில் வைத்து என்னிடம் காட்டினாள். “எப்பங்க மொளைக்கும்?”

சொன்னேன். அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். “முகாம் போன பொறவு மொளைக்கணும். பாப்பாத்திக்கு வலி வர்றதுக்கு மின்ன மொளைக்கணும். அதுக்குத் தோதா ஏதாச்சு மருந்து இருக்குங்களா சாமி?”

என் பெட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் பெட்டியிலும் இருக்காது.

வலிதான் முந்திக்கொண்டது. மாமியார் வந்து கோழியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். பாப்பாத்தி களித்தண்ணீரைக் குடித்து எழுந்து நடமாடினாள். குழந்தை அந்த மாதத்தைத் தாண்டவில்லை. கோழிச் சாறு இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்காதீர்கள். பிழைத்திருக்காது என்றுதான் என் படிப்பு சொல்கிறது. அதை மாதம்மாளிடம் சொல்ல நான் போகவில்லை.

பங்குனியில் சந்தைக்குப் போன நாளில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். கையில் துணி போர்த்திய கூடை இல்லை, கோழி இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“வேரோட புடுங்கறது எப்பிடின்னு மாதம்மாக்காவுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாமே. எங்களுக்கும் சொல்லுங்க சாமி. ஊர்ல எல்லாரும் கோழிய வெளிய வுட்டுட்டுக் குழியத் தூத்துட்டோமுங்க.”

சொல்லிக்கொடுத்தேன்.